தப்பை முதலில் பதியுங்கள், சின்த் பிறகு வரட்டும்

இலங்கை மலையகத்திலிருந்து ஓர் எலெக்ட்ரோனிக் பொப் அல்பம் வந்தால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். வெளியீட்டன்று "வாழ்த்துகள் தம்பி", "சூப்பர்டா மச்சான்", நாலைந்து நெருப்புப் படம். மூன்றாவது வாரம் அந்தப் பாட்டு ஹட்டன் பஸ்ஸிலும் இல்லை, தோட்டத்துக் கல்யாண வீட்டிலும் இல்லை. அடுத்து "நம்ம சனம் நம்ம பொடியன்களுக்கு ஆதரவு தராது" என்று ஒரு புலம்பல் பதிவு.

நான் இதில் சனத்தின் பக்கம். பாட்டு ஓடாமல் போனதற்கான காரணத்தில் பெரும்பங்கு அது பதிவான அறைக்குள்ளேயே கிடக்கிறது. அதிலும் முதல் குற்றவாளி தப்பு லூப், அதாவது தப்பு என்கிற நம் பறையின் அடியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிற ஒலித்துண்டு.

வழக்கமாகச் செய்வது இதுதான்: லெப்டொப்பில் நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு பீட், மேலே சின்த் எனும் மின்னணு இசை, அதற்கு மேலே பாட்டு. எல்லாம் முடிந்த பிறகு "மண்வாசனை வேணுமே" என்று இணையத்தில் கிடைக்கிற பறை லூப் ஒன்றை இழுத்துப் போடுவது. தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்திலும் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்பு கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒட்டுப்போட்ட துணி என்று இரண்டாவது விநாடியே தெரிந்துவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். "என்னமோ சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு" என்பார்கள். அதுதான் விமர்சனம், சரியான விமர்சனம்.

மன்மதன் கதையை ஆடுகிற நம் காமன் கூத்தைப் பாருங்கள். ஆட்டம் சூடேற ஏற அடியும் ஏறும். 118-இல் தொடங்கியது 124-இல் முடிந்தால் அது பிழையல்ல, அதுதான் அதன் உயிர். அதைக் கட்டத்துக்குள் அடைத்து, அடிகளைச் சரியான நேரத்துக்கு இழுத்து வைக்கிற குவாண்டைஸை நூறு வீதத்தில் வைத்தால் உயிர் போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சும். எனவே தலைகீழாகச் செய்யுங்கள். தப்புக்காரரை முதலில் கூப்பிடுங்கள். வேகம் காட்டுகிற கிளிக் சத்தம் போடாமல் மூன்று நான்கு நிமிடம் அடிக்க விடுங்கள். பிறகு சொஃப்ட்வெயாரில் ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியையும் குறித்து, வேகம் ஏறி இறங்குவதைக் காட்டும் டெம்போ மேப் எடுத்தால், சின்தும் கிக் டிரம்மும் அவருக்குப் பின்னால் ஓடும். திருத்தியே ஆகவேண்டிய இடத்தில் குவாண்டைஸ் 40, 50 வீதத்தோடு நிற்கட்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலா' அல்பம் 2007-இல் வந்தபோது, அதில் உறுமி அடிதான் சில பாட்டுகளின் முதுகெலும்பு. எலெக்ட்ரோனிக் எல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தவை. ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை அதை அந்த ஆண்டின் சிறந்த அல்பம் என்றது. உறுமியை ஓரத்தில் தூவியிருந்தால் அந்தப் பாட்டுகளுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தப்பைப் பதிவது எங்கள் குளிரில் சும்மா வேலையல்ல. தோல் ஈரத்தை உறிஞ்சும். தலவாக்கலைப் பனியில் நெருப்பில் காட்டி எடுத்த தப்பு கொஞ்ச நேரம் 'கணீர்' என்று பேசும், பிறகு மெல்ல இறங்கி 'தொப்' என்றாகிவிடும். முதல் டேக்கையும் ஐந்தாவது டேக்கையும் வெட்டி ஒட்டப் பார்த்தால் இரண்டும் இரண்டு வாத்தியமாக ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரே ஒரு அடியைத் தனியாகப் பதிந்து, முதலாவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுருதி இறங்கியிருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்சுங்கள். காய்ச்சுவது வாசலில். மூடிய அறைக்குள் கரியடுப்பு வைக்கவே கூடாது, புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஆளைக் கொல்லும்.

மைக் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. எஸ்எம் 57 போன்ற ஒரு டைனமிக் மைக்கை தோலிலிருந்து ஒரு முழம் தள்ளி, நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். மெல்லிய சிம்புக் குச்சியின் 'சுள்' அங்கேதான் கிடைக்கும். இன்னொன்றைப் பின்பக்கம் ஒரு சாண் தூரத்தில். இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் சத்தம் மெலிந்து போனால் பயப்படாதீர்கள். தோல் முன்னால் போகும்போது பின்மைக்குக்கு அது விலகிப் போகிறது, இரண்டு அலையும் ஒன்றையொன்று தின்கின்றன. பின்மைக்கில் அலையைத் தலைகீழாக்குகிற போலாரிட்டி பொத்தானை அழுத்தினால் அடிச்சத்தம் திரும்பி வரும். உச்ச அடி மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் பதியுங்கள். சிவப்பு விளக்கு எரிந்த தப்பை யாராலும் காப்பாற்ற முடியாது.

மழை வேறு. தகரக் கூரையில் விழுகிற மழை எல்லா அலைவரிசையிலும் படர்ந்திருக்கும், எந்தச் சத்தநீக்கியால் எடுத்தாலும் கூடவே தப்பின் நுனியையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசிக்குப் பிறகு மாதக்கணக்காக மழை. பதிவை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்கள்தான் ஆபத்து.

இனி அறை. தோட்ட வரிசை வீடான லயத்துக் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. இந்த அளவு ஒலிக்கு ஒரு பொறி. பன்னிரண்டு அடி நீளத்துக்குள் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் அலை சிக்கிக்கொள்ளும், பத்தடிக்குள் 56. பேஸில் அவை எஃப் ஷார்ப்பும் ஏ-யும். சுவரோரத்தில் அந்தச் சுரங்கள் குமுறும், அறை நடுவில் காணாமல் போகும். நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் பண்ணுகிற பொடியன் பேஸ் போதாது என்று ஏற்றிக்கொண்டே போவான். வெளியே போட்டுக் கேட்டால் அந்த இரண்டு சுரம் மட்டும் வீட்டை இடிக்கும். நாற்காலியை அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்குத் தூரத்துக்கு நகர்த்துங்கள், மூலைகளில் மெத்தையும் கம்பளிக் கட்டுகளும் நிற்கட்டும். முட்டை அட்டை ஒட்டுவது வீண். அது உயர் அதிர்வை மட்டும் சற்று மழுக்கும், பேஸுக்கு அது இருப்பதே தெரியாது.

அந்த 47-க்கும் 56-க்கும் நடுவில் 50 ஹெர்ட்ஸில் நம் கரண்டின் இரைச்சல் வேறு, கூடவே 100, 150 என்று அதன் மடங்குகள். கிட்டார் பதியும்போது உறுமினால் லெப்டொப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தீரும். எல்லாக் கருவியையும் ஒரே பலகையில் செருகுங்கள். இரைச்சல் போகும் என்று எர்த் கம்பியை மட்டும் வெட்டாதீர்கள்.

சரி, பாட்டு போய்ச் சேர்கிற இடம் எது? கைப்பேசி, த்ரீவீலர், கொழும்புக் கடையில் வேலை செய்கிற பொடியனின் சின்ன புளூடூத் பெட்டி. கைப்பேசி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. நீங்கள் இரண்டு இரவு செதுக்கிய 45 ஹெர்ட்ஸ் பேஸ் அங்கே வெறும் மௌனம். பேஸ் ட்ராக்கை இன்னொரு பிரதி எடுங்கள், 120-க்குக் கீழே வெட்டுங்கள், ஒலியைக் கொஞ்சம் கரகரக்க வைக்கிற டிஸ்டோர்ஷன் கொடுத்து அசலுக்கு அடியில் மெலிதாகக் கலந்துவிடுங்கள். மேல் மடங்குகள் கேட்டால் அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். பிறகு மொத்தத்தையும் மோனோவில், இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து, ஒரு தடவை கேளுங்கள். அகலமாக விரித்த சின்த் அந்த நேரத்தில் மறைந்துபோனால் பெட்டிக்கடை ஸ்பீக்கரிலும் மறையும்.

குரலிலும் ஒரு குறை. சுருதி திருத்துகிற ஓட்டோ-டியூனின் வேகத்தைப் பூச்சியத்தில் வைத்து, நம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இருந்து வந்த இழுப்பைப் படிக்கட்டாக வெட்டிவிடுகிறார்கள். ரோபோக் குரல்தான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், அது ஒரு ரசனை. ஆனால் பல்லவியில் 'ஆத்தா' என்று இழுக்கிற இடத்தில் கருவியை அணைத்துவிடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைச் சத்தத்தைப் பதிந்து பாட்டில் சாம்பிள் பண்ணுவது நல்ல யோசனை, நானே பலருக்குச் சொல்வேன். ஆனால் கைப்பேசியில் பதியாதீர்கள், அது சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும், கொழுந்தை வாட்டுகிற வாட்டல் மாடியின் காற்றாடி மூச்சு வாங்குவதுபோல் ஒலிக்கும். கையால் அளவு வைக்கக்கூடிய ரெக்கோர்டர் தேவை, தோட்டத்து நிர்வாகியான துரையின் அனுமதியும் தேவை. கொழுந்து அரைக்கிற ரோலர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். 44 என்றால் பாட்டை 88-இலோ 132-இலோ வையுங்கள். இயந்திரம் தானாகத் தாளத்தில் விழும், நீட்டவும் சுருக்கவும் வேண்டாம்.

நீளத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். ஜேர்மன் எலெக்ட்ரோனிக் குழுவான கிராஃப்ட்வெர்க் 1974-இல் நெடுஞ்சாலைப் பயணத்தையே இசையாக்கி 'ஓட்டோபான்' பாட்டை 22 நிமிடத்துக்கு மேல் நீட்டினார்கள், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். அமெரிக்க வானொலிகளில் ஓடியதோ மூன்றரை நிமிடத்துக்கு வெட்டிய பிரதி. அவர்கள் பாட்டையே வெட்டினார்கள் என்றால், ஒன்றரை நிமிடம் சின்த் புகை போட்டபின் பாட்டைத் தொடங்குகிற நாம் வெட்டக்கூடாதா? அல்பத்தில் நீளமாக இருக்கட்டும். திருவிழாவில் பாட்டுப் போடுகிறவருக்கும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் பத்தாவது விநாடியில் தப்பு இறங்குகிற தனிப் பிரதி கொடுங்கள். அந்தப் பிரதி சற்று உரத்தே இருக்கலாம். யூடியூப் உரத்த பாட்டைத் தன் அளவுக்கு, ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸுக்கு (உரப்பை அளக்கிற அலகு), இறக்கிவிடும். கல்யாண வீட்டு செட்டில் அப்படி இறக்க ஆளில்லை, அங்கே மெலிதான பிரதி கொடுத்தால் முன்னாலும் பின்னாலும் ஓடுகிற சினிமாப் பாட்டுக்கு நடுவில் உங்களுடையது சப்பென்று விழும்.

பத்திரிகைகளும் இதில் சுத்தமில்லை. வெளியீட்டு விழாப் படம் வரும், குத்துவிளக்கேற்றிய பிரமுகர்களின் பெயர் வரிசையாக வரும், மூன்றாவது பாட்டில் பேஸ் எப்படி இருந்தது என்று ஒரு வரி வராது. சிலோன் பொப் காலத்திலிருந்து இதே கதைதான்.

கடைசியாக, அட்டையில் பெயர். சின்த் வாசித்தவர், மிக்ஸ் செய்தவர், உடை தந்த கடை, எல்லாருக்கும் நன்றி இருக்கும். தப்பு அடித்தவர் மட்டும் 'தாள வாத்தியக் குழு'. ஏன் என்று நமக்குத் தெரியும், சாதியை இதற்குள் இழுக்காதே என்று கீழே எழுத வருகிறவருக்கும் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வாசிப்பவருக்கும் உரிமை உண்டு. பங்கு எவ்வளவு என்று பதிவுக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும். உங்களுக்கு அடிக்க வந்த நாளில் தோட்டத்தில் அவருக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் கிடையாது. அந்த நாளுக்குரிய காசை அன்றே கொடுங்கள், அட்டையில் முழுப்பெயரைப் போடுங்கள். தோட்டத்தில் அரைநாள் சம்பளத்துக்குப் போடுவதுபோல் அங்கேயும் அரைப்பேர் போடாதீர்கள்.