முதல்ல அவர் வீட்டுக்குப் போனீங்களா?

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைச் செலவுக் கணக்கில் சந்தேகம் என்று, பொருளாளரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்ட வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. திருச்சியிலிருந்து என் மச்சான் அதை அனுப்பி, "இது உங்க சபைதானே?" என்று கேட்கிறார். பொறையார், தரங்கம்பாடிப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை, திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கணக்கில் சந்தேகம் வந்தவர்கள், போனை எடுப்பதற்கு முன்னால் பொருளாளர் வீட்டுக்குப் போனீங்களா? ஒருத்தராவது?

மத்தேயு 18:15 நமக்கு மனப்பாடம். உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனிடம் போய்ச் சொல், "நீயும் அவனும் தனித்திருக்கையில்." அவன் கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். நீங்க நேரே வாட்ஸ்அப்புக்குப் போயிட்டீங்க. நோட்டைப் புரட்டும்போது அவர் கை நடுங்குகிறது. அதைக் கிட்டப் போய்ப் படம் பிடித்து, கீழே சிரிப்பு பொம்மை. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்போ தப்பைக் கேட்கவே கூடாதா?" கேளுங்க. ரசீது ரசீதாகக் கேளுங்க. "பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்னால கண்டிக்கலையா?" என்கிறான் ஒரு தம்பி. கண்டித்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது. ஆனால் முகத்துக்கு நேராக. பதில் சொல்ல பேதுரு எதிரிலேயே இருந்தார். "இயேசு ஆண்டவரே தேவாலயத்தில் சாட்டை எடுத்தாரே" என்பவர்களுக்கு: நாம் ஆண்டவர் இல்லை.

"எளியவங்க வாயை அடைக்க இந்த வசனத்தைத்தான் எடுப்பாங்க" என்று ஒரு அக்கா சொன்னார். அது உண்மை. பெண்பிள்ளையிடம் ஒருத்தன் தப்பாக நடந்தால் தனியாகப் போய்ப் பேசு என்று நான் சொல்ல மாட்டேன், போலீசுக்குப் போகணும். இங்கே நடந்தது அதுவா? பந்தல் செலவு ஐயா, பந்தல் செலவு!

எங்கள் வயல் கடைமடை. ஒரு வருஷம் முறைத்தண்ணி எங்களுக்கு வரவேண்டிய ராத்திரி, சித்தப்பா மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். அம்மா ஐயர்கிட்ட, அதாவது சபைப் போதகர்கிட்ட, சொல்லணும் என்று நின்றாள். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே தனியாகப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். "மடையை அடைச்சது நீதானே?" "ஆமாண்ணே, நாத்து காயுது." "சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே." அவ்வளவுதான் பேச்சு. சித்தி எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். சபையில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல், அன்று டேனியர் கையில் இருந்த இதே தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். 1708-ல் அவரைக் கோட்டையில் அடைத்த டேனியத் தளபதியும் கிறிஸ்தவர்தான். நாலு மாதம் சிறை. வெளியே வந்தும் ஊரை விட்டுப் போகவில்லை. 1718-ல் புது எருசலேம் ஆலயம் எழும்பியது. அந்தப் பாரம்பரியத்தை மேடையில் பேசுகிறோம். பேசிவிட்டு வாசலில் என்ன செய்கிறோம்?

கணக்கு தப்பாகவே இருக்கட்டும். அவருக்காக ஒருத்தர் ஜெபித்தீங்களா? போன ஞாயிறு அவரும் வரவில்லை, அவர் வீட்டம்மாவும் வரவில்லை. வருஷக்கணக்காகப் பலிபீடத்துக்குப் பூ வைத்த அம்மா அவங்க. அவங்க என்ன பாவம் செய்தாங்க?

வருகிற ஞாயிறு திருவிருந்து, அப்பமும் ரசமும் பகிர்கிற ஆராதனை. சனிக்கிழமை சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். வீடியோ எடுத்த தம்பி, நீயும் வா. போனை வீட்டில் வைத்துவிட்டு வா.