ஹெல்மெட் அடி வீடியோல இருக்கு, திட்டுனது இல்ல. அதுக்காக அவன் பொய்யனா?

மைல்ஸ் காரெட்டுன்னு ஒரு அமெரிக்க ஃபுட்பால் பிளேயர் எதிர் டீம்காரரோட ஹெல்மெட்டப் புடுங்கி அதாலயே அவரு மண்டையில அடிக்கிற பழைய வீடியோ நம்ம பசங்க குரூப்புல திரும்ப சுத்துது. கீழ ஒரே சண்டை. பாதி பேரு "இனத்தச் சொல்லித் திட்டிருப்பான், இல்லாட்டி இந்த கோவம் வருமா"ங்குறாங்க, மீதி பேரு "அடிச்சுட்டு தப்பிக்க கத விட்டான், அதான் மேட்ச நடத்துற லீக்கே ஆதாரம் இல்லன்னு சொல்லிருச்சே"ங்குறாங்க. ரெண்டு பக்கத்துக்கும் என்னால தலையாட்ட முடியல. கமெண்ட்ல எழுதுனா துண்டு துண்டா போயிரும்னுதான் தனியா எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மொதல்ல நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கங்க. 2019 நவம்பர் 14, கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மேட்ச். பிரவுன்ஸ் 21-7ல முன்னால, எட்டு செகண்டுதான் பாக்கி, மேட்ச் முடிஞ்ச மாதிரிதான். ஸ்டீலர்ஸோட குவாட்டர்பேக், அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற ஆளு, மேசன் ருடால்ப் பந்த எறிஞ்சதும் காரெட் அவர கீழ சாய்க்கிறாரு, கீழ கெடந்தவரு காரெட்டோட ஹெல்மெட்டப் புடிச்சு இழுக்குறாரு, அப்புறம் காரெட் அவரோட ஹெல்மெட்ட கழட்டி தலையிலயே ஒரு போடு போட்டுட்டாரு. ஸ்டீலர்ஸ் பிளேயர் பவுன்சி ஓடி வந்து காரெட்ட குத்தி மிதிச்சாரு. காரெட்டுக்கு தேதி சொல்லாத தடை, அந்த சீசன்ல மிச்சமிருந்த ஆறு மேட்சும் போச்சு. பவுன்சிக்கு மூணு மேட்ச், அப்பீல்ல ரெண்டாச்சு. ருடால்ப்புக்கு தடை இல்ல, 50,000 டாலர் ஃபைன்.

காரெட் கருப்பினத்துக்காரரு, ருடால்ப் வெள்ளக்காரரு. ஒரு வாரம் கழிச்சு அப்பீல் விசாரணையிலதான் காரெட், ருடால்ப் தன்ன இனத்தச் சொல்லி கேவலமா திட்டுனாருன்னு சொன்னாரு. அது எப்படியோ வெளிய கசிஞ்சுருச்சு. வெளிய வரக்கூடாதுன்னுதான் உள்ள பேசுனேன்னு காரெட்டே வருத்தப்பட்டாரு. ருடால்ப் அடியோட மறுத்தாரு. அந்த லீக்கான என்எஃப்எல் "அப்படி ஒரு ஆதாரமும் கிடைக்கல"ன்னு சொல்லி முடிச்சிருச்சு. 2020 பிப்ரவரில தடை நீங்குன கையோட காரெட் ஒரு டிவி பேட்டில அதையே திரும்பவும் சொன்னாரு, ருடால்ப்பும் திரும்பவும் பொய்ன்னாரு. அப்ப ஸ்டீலர்ஸ் கோச்சா இருந்த மைக் டாம்லின், அவரும் கருப்பினத்துக்காரருதான், டிவிக்கு வந்து, அன்னைக்கு ராத்திரி கிளீவ்லாண்ட்காரங்க எத்தனையோ பேர்ட்ட பேசுனோம் ஒருத்தரும் இப்படி ஒன்ன எங்ககிட்ட சொல்லலயேன்னு ருடால்ப் பக்கம் நின்னாரு. அதோட சரி, அதுக்கு மேல ஒன்னும் தெரிய வரல.

அடி வேற கேஸு, சொல்லு வேற கேஸு. ஹெல்மெட்டால அடிச்சதுக்கு என்ன தண்டனையோ அது சரி, எவன் என்ன சொல்லிருந்தாலும் மண்டைய ஒடைக்க கெளம்புறதுக்கு நியாயம் கிடையாது, அன்னைக்கு அந்த அடி ஒரு இன்ச்சு மாறி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. ஆனா அடிச்சவன் சொல்ற புகாருங்குறதுக்காகவே அது பொய்யாயிருமா? அடிச்ச கையும் திட்டு வாங்குன காதும் ஒரே ஆள்ட்ட இருக்கக் கூடாதுன்னு சட்டமா?

"அப்பவே ஏன் சொல்லல" இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. அப்பவே ஏன் சொல்லலன்னு நம்ம கடக்கரை பசங்கள்ட்ட கேளுங்க, அவங்க சொல்லுவாங்க. தேவிபட்டினம் திருப்பாலைக்குடி பக்கத்துலேருந்து ராம்நாட்டுக்கு படிக்கப் போன பசங்கள்ல "கருவாட்டு நாத்தம்"னு வாங்கிக் கட்டாதவன் யாருப்பா இருக்கான்? அத வீட்டுல போயி சொன்னவன் எத்தன பேரு? கடல்ல கெடந்து வந்த அப்பாட்ட "உங்க தொழிலச் சொல்லி என்ன நாறுதுங்குறாங்க"ன்னு எந்த புள்ள சொல்லும்? வாய் வராது. சொன்னா அந்த வார்த்தைய நாமளே நம்ம வாயால இன்னொரு தடவ சொல்லணும், அதுவே ஒரு அசிங்கமா இருக்கும். நம்ம தமிழ்நாட்டு கிரிக்கெட் பிளேயர் அபினவ் முகுந்த் 2017ல சிலோன் டூர்ல இருக்கும்போதுதான் தன் நிறத்த வச்சு வருஷக்கணக்கா கேட்ட பேச்சப் பத்தி வெளிப்படையா எழுதுனாரு. ஸ்பின் பவுலர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் இந்தியாவுக்கு ஆடுனது 80கள்ல, நிறத்தால பட்டத அவரு பொதுவுல சொன்னது 2021ல. இவங்க ரெண்டு பேரையும் லேட்டா சொன்னதால பொய்யன்னு சொல்லுவீங்களா? மாட்டீங்கள்ல. அப்ப காரெட்டுக்கு மட்டும் ஒரு வாரம் ஏன் பெரிய லேட்டு ஆயிருது?

இதுக்காக காரெட் சொன்னது உண்மைன்னு நான் சொல்ல வரல. ருடால்ப்ப நெனைச்சுப் பாருங்க, அவரு சொல்லலன்னே வச்சுக்கங்க, சொல்லாத ஒன்ன சொல்லலன்னு எப்படி நிரூபிப்பாரு? ஆயிரம் தடவ மறுத்தாலும் பேரத் தேடுனா மொதல்ல வர்றது அந்த ராத்திரிதான். அந்த கறையையும் லேசா எடுத்துக்க முடியாது. நம்ம பக்கம் ஒரு பய மேல "சாதியச் சொல்லித் திட்டுனான்"னு ஒரு பேச்சு கெளம்பிட்டா அது அவனோட நிக்காது, ஊருக்கும் ஊருக்கும் பகையாகி பஸ்ஸுல ஏறுற பொம்பளைங்க வரைக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போறத நாம பாத்துருக்கோம். அதனால ரெண்டு பேருக்குமே கடன்பட்டவங்க அந்த விசாரிக்கிற ஆளுங்கதான். என் கோவம் முழுக்க அங்கதான்.

ஆதாரம் கிடைக்கலன்னு முடிக்கிறது தப்பில்ல. கிடைக்காட்டி கிடைக்கலன்னுதான் சொல்ல முடியும். ஆனா எங்க தேடுன, யார்ட்டல்லாம் கேட்ட, பக்கத்துல நின்ன பிளேயருங்கள்ல எத்தன பேரு என்ன சொன்னான், மைக்குல எது பதிவாச்சு எது ஆகல, இதெல்லாம் சொல்லாம ஒத்த வரில முடிச்சா ஜனங்க அந்த வரிக்குள்ள அவங்கவங்க விருப்பத்த எழுதிக்கிறாங்க. என்எஃப்எல் அதத்தான் செஞ்சுச்சு. நம்ம ஊர்ல வன்கொடுமை கேஸுல விடுதலைன்னு தீர்ப்பு வந்த ஒடனே "பாத்தியா பொய் கேஸு"ன்னு டீக்கடைல பேசுறோம்ல, சாட்சி பயந்து பல்டி அடிச்சானா, போலீஸு ஒழுங்கா விசாரிச்சுச்சான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. அதே வியாதிதான்.

இப்ப சிட்னிக்கு வாங்க, இது நம்ம சம்பந்தப்பட்டது. 2008 ஜனவரி, இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் மேட்ச், நம்ம ஹர்பஜன் சிங், அவங்க ஆண்ட்ரூ சைமண்ட்ஸ். சைமண்ட்ஸ குரங்குன்னு சொன்னாருன்னு புகாரு. அத ஹர்பஜன் சும்மா வந்து சொன்னாருன்னோ சைமண்ட்ஸ் சும்மா கற்பனை பண்ணிக்கிட்டாருன்னோ பேசுறதுக்கு முன்னாடி, அதுக்கு மூணு மாசம் முன்ன 2007 அக்டோபர்ல வதோதரால நம்ம ஆளுங்க ஸ்டாண்டுல உக்காந்துக்கிட்டு சைமண்ட்ஸ பாத்து குரங்கு மாதிரி சத்தம் போட்டதையும் வான்கடேல அதையே செஞ்சதையும் ஞாபகம் வச்சுக்கங்க. அத சாமி கோஷம்னு வேற சமாளிச்சாங்க. அந்த மனுசன் ஏற்கனவே காயப்பட்ட காதோடதான் சிட்னில நின்னாரு.

மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ராக்டர் ஹர்பஜனுக்கு மூணு டெஸ்ட் தடை போட்டாரு. நாடே கொதிச்சுச்சு, டூரே நிக்கிற நெலம. அப்பீலு நியூசிலாந்து ஹைகோர்ட் ஜட்ஜ் ஜான் ஹான்சன்ட்ட போச்சு, அடிலெய்டுல உக்காந்து கேட்டாரு. ஆஸ்திரேலியா பக்கம் சைமண்ட்ஸ், ஹெய்டன், கிளார்க் சாட்சி. நம்ம பக்கம் எதிர்முனைல நின்ன சச்சின். அந்த வார்த்தைய கேக்கலன்னு சச்சின் சொன்னாரு. இவ்ளோ கனமான குத்தத்துக்கு ஆதாரமும் அதே அளவு கனமா இருக்கணும்னு சொல்லி, இனவெறி குற்றச்சாட்டு நிரூபணமாகலன்னு ஹான்சன் தீர்ப்பு குடுத்தாரு. ஆனா கெட்ட வார்த்தை பேசுனது தப்புன்னு மேட்ச் சம்பளத்துல பாதிய ஃபைனா போட்டாரு. எனக்கு அந்த தீர்ப்புல பூரா உடன்பாடு இருக்கா இல்லையாங்குறது வேற. ஹான்சன் காரணத்த எழுத்துல குடுத்தாரு, யாரு என்ன சொன்னா, எத ஏன் ஏத்துக்கிட்டேன்னு. ஹர்பஜனோட பழைய ரெக்கார்டு முழுசா தன் முன்னால வைக்கப்படலன்னு பின்னால தெரிஞ்சப்ப, அது தெரிஞ்சிருந்தா தண்டன மாறியிருக்கலாம்னும் அவரே சொன்னாரு. அந்த ஓட்டையும் வெளிய தெரிஞ்சுச்சு.

அப்புறம் நடந்ததுதான் என்னைய ரொம்ப சங்கடப்படுத்துது. நாம இங்க ஜெயிச்ச மாதிரி கொண்டாடுனோம். அங்க சைமண்ட்ஸ் அந்த சம்பவத்துக்கப்புறம்தான் தன் வாழ்க்க சரிய ஆரம்பிச்சுச்சு, குடி அதிகமாச்சுன்னு பின்னால சொன்னாரு. 2009ல டி20 வேர்ல்ட் கப்பு நேரத்துல டீமுலேருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 2011ல ஐபிஎல்ல ரெண்டு பேரும் ஒரே மும்பை இந்தியன்ஸ் டீமு. அங்க ஹர்பஜன் அழுது மன்னிப்பு கேட்டாருன்னு சைமண்ட்ஸ் பல வருஷம் கழிச்சு சொன்னாரு, அப்படி ஒன்னு நடக்கவே இல்லன்னு ஹர்பஜன் மறுத்தாரு. திட்டுனதுலயும் ரெண்டு கதை, மன்னிப்புலயும் ரெண்டு கதை. 2022 மே மாசம் கார் ஆக்சிடெண்டுல சைமண்ட்ஸ் போயி சேந்துட்டாரு. இனி கேக்க ஆள் இல்ல. ஆனா நம்ம பசங்க இப்பவும் "பொய் சொல்லி மாட்டுனான்"னு செத்த மனுசன எழுதுறத பாக்கும்போது எரியுது. ஹான்சன் அப்படி சொல்லவே இல்லப்பா.

இங்கிலாந்துல கால்பந்து பிளேயர் ஜான் டெர்ரி கேஸ பாருங்க. 2011ல எதிர் டீம் ஆன்டன் ஃபெர்டினாண்ட இனத்தச் சொல்லித் திட்டுனாருன்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு, 2012 ஜூலைல கோர்ட்டு விடுதல பண்ணுச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல ஃபுட்பால் சங்கம் அதே சம்பவத்துக்கு குத்தவாளின்னு நாலு மேட்ச் தடையும் 2,20,000 பவுண்டு ஃபைனும் போட்டுச்சு. கோர்ட்டுக்கு நியாயமான சந்தேகம் இருந்தாலே விடுதல, சங்கத்துக்கு எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு பாத்தா போதும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு முரண் இல்ல. 2011ல லிவர்பூல் பிளேயர் சுவாரெஸ் மான்செஸ்டர் யுனைடெட் பிளேயர் எவ்ராவ இனத்தச் சொல்லித் திட்டுனாருங்குற விவகாரத்துல சங்கம் வெளியிட்ட அறிக்கை 115 பக்கம், ஸ்பானிஷ் மொழி நிபுணருங்கள எல்லாம் கூப்பிட்டு கேட்டு, யார் பேச்சு ஏன் நம்புறமாதிரி இருந்துச்சுன்னு விலாவாரியா எழுதிருந்தாங்க. புடிக்காதவங்க அத படிச்சுட்டு எந்த பக்கம் தப்புன்னு காட்டி சண்ட போட்டாங்க. அது ஆரோக்கியமான சண்ட.

இந்த மாதிரி செய்ய லண்டனும் கோடி ரூவாயும் வேணும்னு நெனைக்காதீங்க. நம்ம கரையிலயே நடந்துருக்கு. மீன்புடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டெல்லாம் நிக்கிறப்ப ஊருக்கு ஊரு டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கும்ல, அப்படி ஒரு பைனல்ல நான் லெக் அம்பயரு. ரன் அவுட் தகராறு முத்தி ஒரு தம்பி ஸ்டம்ப புடுங்கி கீப்பர் தோள்ல வச்சுட்டான். கூட்டம் உள்ள எறங்கிருச்சு. பிரிச்சு விட்டதுக்கப்புறம்தான் அந்த தம்பி சொல்றான், அவன் என் சாதியச் சொன்னான் சார்னு. கீப்பர் அம்மா சத்தியம்ங்குறான். நான் நின்ன எடத்துக்கு ஒன்னும் கேக்கல, கடக்காத்து வேற.

கமிட்டில ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு இருந்தாரு. பிரைஸ் குடுக்குறத நிறுத்தச் சொல்லிட்டு பள்ளிக்கூட வராந்தால உக்காந்து, கிட்ட நின்ன ஆளுங்கள ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்கு கேக்காம தனித்தனியா கூப்பிட்டு நோட்டுல எழுதுனாரு. டீம்காரங்க கூடிப் பேசி ஒரே பாட்டா பாடுறதுக்கு முன்னாடி. எழுதுனத அவங்கள்ட்டயே வாசிச்சுக் காட்டி கையெழுத்து. அப்புறம் மைக்கப் புடிச்சு அப்படியே வாசிச்சாரு, பேரு சொல்லாம. ஸ்லிப்புல நின்ன பையன் ஏதோ ஒரு கெட்ட வார்த்த கேட்டுச்சு, எதுன்னு சொல்ல முடியலங்குறான், இன்னொருத்தன் ஒன்னும் கேக்கலங்குறான், பேட்டிங் டீம் ரன்னரு கேட்டுச்சுன்னு சொல்றான் ஆனா வார்த்த மாறுது. "இத வச்சு அவன் சொன்னான்னு என்னால சொல்ல முடியல, இவன் பொய் சொல்றான்னும் சொல்ல முடியல. அடிச்சது எல்லாரும் பாத்தது, அதுக்கு அடுத்த வருசம் ஆட முடியாது. கீப்பரு தம்பி, கெட்ட வார்த்த பேசுனது உறுதி, ரெண்டு மேட்ச் வெளிய." அவ்ளோதான் சொன்னாரு. முணுமுணுப்பு இருந்துச்சு, யாருக்கும் முழு திருப்தி இல்ல, ஆனா மறுநாள் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனும் ஒருத்தன வழிமறிக்கல. திட்டு வாங்குனேன்னு சொன்ன தம்பி பின்னால என்கிட்ட சொன்னது, "என்னைய நம்பலண்ணே, ஆனா கேட்டாங்கண்ணே". அவன் இப்ப துபாய்ல.

கோடி கோடியா பொழங்குற லீக்குக்கு அந்த வாத்தியாரு செஞ்சத செய்ய என்ன கஷ்டம்? அதே ராத்திரி ரெண்டு டீம்லயும் பக்கத்துல நின்னவங்கள தனித்தனியா கேட்டு எழுதி வாங்கலாம், பிராட்காஸ்ட் ஆடியோவ பத்திரம் பண்ணலாம், முடிவு வர்றப்ப கேட்டதையும் கேக்காததையும் வெளியிடலாம். செய்யலன்னா அடுத்த காரெட் உள்ள ரூம்லயும் வாயத் தொறக்க மாட்டான், அடுத்த ருடால்ப்புக்கும் பேரு கழுவ வழி இருக்காது.

அடுத்த தடைக்காலத்துக்கு டோர்னமெண்ட் வைக்கிற கமிட்டி தம்பிங்க இப்பவே ரூல்ஸ் நோட்டீஸ்ல ஒரு வரி சேத்துருங்க: சாதி, நிறம், தொழில், மதம் சொல்லித் திட்டுனதா புகார் வந்தா பிரைஸ் குடுக்குறதுக்கு முன்னாடி கிட்ட நின்னவங்கள தனித்தனியா கேட்டு எழுதி, அத எல்லாருக்கும் வாசிக்கணும். எழுத ஆள் வேணும்னா என்னைய கூப்பிடுங்க, தொண்டிலேருந்து வாலிநோக்கம் வரைக்கும் எங்கன்னாலும் வாரேன், பஸ் காசு கூட வேணாம். குரூப்புல அந்த வீடியோவுக்குக் கீழ சைமண்ட்ஸ பொய்யன்னு எழுதிருக்கவங்க அத மட்டும் இன்னைக்கு எடுத்துருங்கப்பா.