விசுவாசம் இல்லையாம் எங்களுக்கு!

எங்கள் ஆஸ்பத்திரியின் நேற்றைய மீட்டிங் கதை இதற்குள் எல்லாருக்கும் வந்து சேர்ந்திருக்கும். ஒரே மாதத்தில் நான்கு நர்ஸுகள் ராஜினாமா பேப்பர் போட்டதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த காரணம்: "இப்போதைய நர்ஸுகளுக்கு ஆஸ்பத்திரி மேல் விசுவாசமே இல்லை."

ஐயா, விசுவாசம் தானாக முளைக்காது. ஆள் போட வேண்டும், கேட்ட லீவைக் கொடுக்க வேண்டும், பேஷண்ட் முன்னால் கத்தாமல் இருக்க வேண்டும்.

மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1991-லேயே இந்த விசுவாசத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மனசு ஒட்டிப்போய் இருப்பது, இருப்பதுதான் முறை என்று இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது. நீங்கள் நடுவில் போகமாட்டோம் என்று பாண்ட் எழுதி வாங்கி மூன்றாவதை வளர்க்கிறீர்கள். அப்புறம் முதலாவது எங்கே என்று எங்களைக் கேட்கிறீர்கள்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் சம்பளம் இதைவிடக் குறைவு. ஆனாலும் ஆறு வருஷம் இருந்தேன். ஒரு நைட் டூட்டியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன். கையில் டிரிப் செட்டோடு அப்படியே நின்றேன். இன்சார்ஜ் சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, "ஹேண்ட்ஓவர் எல்லாம் அப்புறம், நீ கிளம்பு" என்றார். திரும்பி வந்து பார்த்தால், என் பதினோரு கட்டில் சார்ட்டிலும் விடியும்வரை அவர் கையெழுத்து. அவர் ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் நானும் கிளம்பிவிட்டேன். கட்டடத்துக்கா விசுவாசமாக இருந்தேன்?

"சம்பளத்துக்குத்தானே ஓடுகிறீர்கள்?" ஆமாம், சம்பளத்துக்கும்தான். டாக்டர் மாறினால் வளர்ச்சி, நர்ஸ் மாறினால் துரோகமா?

"ஆள் கிடைக்கவில்லை, பட்ஜெட் இல்லை." இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 2002-இல் லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் கண்டதையும் கேளுங்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் அவள் சோர்ந்து நொறுங்கும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. இதற்கு எந்த பட்ஜெட்டில் கணக்கு எழுதுவீர்கள்?

"இது சேவை அல்லவா?" இதைக் கேட்டால்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சேவையில் என்ன குறை வைத்தோம்? பன்னிரண்டு மணி நேரம் நின்று, பாத்ரூம் போகக்கூட இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டுப் போகிறவளுக்கு மே 12, நர்ஸ் தினத்தன்று ஒரு ரோஜாப்பூ. மே 13 காலை ரோஸ்டரில் மறுபடி டபுள் டூட்டி.

இதைப் போட்டால் மெமோ வரும் என்று தோழி பயப்படுகிறாள். வரட்டும். டைப் செய்யும்போதே இன்னொரு மெசேஜ் வந்தது: "சிஸ்டர், இன்றைக்கு நைட்டுக்கு ஆள் இல்லை, வர முடியுமா?"

சரி என்று போட்டுவிட்டேன். பதினாலாம் கட்டில் பாட்டி டிரெஸ்ஸிங் மாற்ற வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்.