கோயம்பேட்டை மட்டும் யாரும் ஹேப்பனிங் என்று சொல்வதில்லை

"அந்த ஏரியா செம ஹேப்பனிங்" என்று சென்னையில் யாராவது சொன்னால், எந்த மாதிரி இடம் என்று கேட்காமலே புரிந்துவிடும். காதர் நவாஸ் கான் சாலை, பெசன்ட் நகர் பீச்சை ஒட்டிய கஃபேக்கள், வேளச்சேரி மால். கூட்டம் இருக்கும், ஆனால் இடிக்காத கூட்டம். சத்தமும் இருக்கும், யாரோ அளந்து வைத்த சத்தம். காபி விலை மட்டும் தொண்டையில் கொஞ்சம் நிற்கும்.

ஆங்கிலம் கலக்கிறார்கள் என்று பிரம்பைத் தூக்க வரவில்லை. பஸ், டீ எல்லாம் நானும் சொல்கிறவன்தான். என் கேள்வி வேறு. ராப்பகலாக ஏதாவது நடந்துகொண்டே இருக்கிற இடங்களுக்கு மட்டும் இந்தப் பட்டத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறோமே, ஏன்?

விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு போயிருக்கிறீர்களா? கோலார், மதனப்பள்ளி பக்கமிருந்து வந்த தக்காளி லாரிகள் வரிசைகட்டி நிற்கும். தலையில் மூட்டையோடு ஒருவர் "வழி, வழி" என்று கிட்டத்தட்ட ஓடி வருவார். ஒதுங்குவது உங்கள் பொறுப்பு, அவரால் நிற்க முடியாது. காலடியில் முட்டைக்கோஸ் இலை வழுக்கும். பூ மார்க்கெட்டில் குவித்த மல்லிகை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேரம் நடக்கும். மறுநாள் முகூர்த்தம் என்றால் கேட்கவே வேண்டாம், நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் விலை ஏறியிருக்கும். கொத்தவால் சாவடியிலிருந்து 1996-ல் இங்கே மாறிவந்த சந்தை இது. ஊரின் மதியச் சாம்பார் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் பெயரைச் சொன்னதும், "ஐயோ, கோயம்பேடா? ஒரே கசகச" என்று மூக்கைச் சுளிப்பார்கள்.

பாண்டி பஜார் கதை இன்னும் வேடிக்கை. ஹேர் கிளிப், ஸ்டிக்கர் பொட்டு, ஜாக்கெட் பிட் என்று பிளாட்பாரம் முழுக்கக் கடை இருந்த காலத்தில் அந்தத் தெருவை 'நெரிசல்' என்றார்கள். 2013-ல் அந்த வியாபாரிகளைக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கை போட்டார்கள். நடக்க வசதிதான், மறுக்கவில்லை. என் அம்மா இப்போதுதான் அங்கே யார் மேலும் இடிக்காமல் நடக்கிறார். கூட்டம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. தரையில் விரித்து விற்றவர்கள்தான் இல்லை. உடனே தெரு ஹேப்பனிங் ஆகிவிட்டது.

அப்படியானால் நாம் பார்ப்பது கூட்டத்தை இல்லை, கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை. வியர்வை இருந்தால் கசகச, ஏசி இருந்தால் ஹேப்பனிங். வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டால்கூட "என்ன இது, சந்தைக்கடை மாதிரி" என்றுதானே திட்டுகிறோம்?

இத்தனைக்கும் சந்தை இரைச்சலைப் பெருமையாகச் சொன்ன ஊர் நம் மதுரை. பாண்டியன் நெடுஞ்செழியனுக்காக மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டையும் காட்டுகிறார். இரவுக் கடைவீதியின் ஓசை அவர் காதுக்குப் பலவகைப் பறவைகளின் ஒலியாகக் கேட்கிறது. 'ஒரே கசகச' என்று அவர் முகம் சுளிக்கவில்லை.

வெளியூர் நண்பர்கள் வந்து "ஹேப்பனிங்கா ஒரு இடம் சொல்லு" என்று கேட்டால், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பூ மார்க்கெட்டுக்குத்தான் கூட்டிப்போவதாக இருக்கிறேன். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல்ல வேண்டும்.