ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

போன மாதம் மலையடிவார ஊர் ஒன்றில் இ-சேவை மையத்தில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஈரோடு மாவட்டக் கடம்பூர் மலையிலிருந்து வந்த ஊராளிப் பழங்குடி அக்கா ஒருவர். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், நாலாக மடித்து ஓரம் கிழிந்த பழைய காகிதங்கள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

“ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கக்கா” என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி. முன்பு பதிந்து வைத்திருந்தது வீட்டுக்காரரின் எண். அவர் கரும்பு வெட்டப் போயிருக்கிறார். மூன்று முறை அழைத்தும் லைன் போகவில்லை. அக்கா பையை மடித்து இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைய கூலி போனது போனதுதான்.

பழங்குடிப் பெண்களுக்கு டிஜிட்டல் அதிகாரம் என்றால் உடனே செயலி, பயிற்சி வகுப்பு என்றுதான் பேசுகிறோம். அதெல்லாம் அப்புறம். முதலில் அவர் பெயரில் ஒரு சிம், அவர் கையில் ஒரு போன். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் போன் இருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். இணையத்தை ஒருமுறையாவது தொட்டவர்கள் 33 சதவீதம். சமவெளியும் நகரமும் சேர்ந்த கணக்கே இப்படி.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்குக்கே வருகிறது. நல்ல திட்டம். ஆனால் பணம் ஏறிய செய்தி கணவர் போனுக்குப் போனால், அது வந்ததா என்று அவரிடம்தானே கேட்க வேண்டியிருக்கிறது?

போன் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சீமாறு, கடுக்காய், நெல்லி எல்லாம் சேகரித்து விற்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் கொடுத்துவிட்டது. விலையை மட்டும் இன்னும் வியாபாரிதான் சொல்கிறார். ஒரு ஊரில் பெண்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். சந்தைக்குப் போனவர் அங்கே நின்றபடியே அன்றைய விலையை வாய்ஸ் மெசேஜில் அனுப்புவார். ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். அங்கே நாலு பெண்கள் ஒரே போனில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இந்த விலைக்குக் குறைஞ்சா குடுக்க வேண்டாம்” என்று முடிவெடுத்ததை நேரில் பார்த்தேன். ஊராளி பேச்சுக்குத் தனி எழுத்து இல்லை. டைப் அடிக்கச் சொன்னால் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பேசச் சொன்னால் நிறுத்தவே மாட்டார்கள்.

தொழில்நுட்பம் வந்தாலே நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை நாளுக்கு இருமுறை படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். டவர் இல்லாத காட்டில் அதற்காகப் பட்ட பாடு வேலை செய்த பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கண்காணிக்க இவ்வளவு வேகமாக வந்த செயலி, “என் கூலி எங்கே?” என்று அவர்கள் கேட்டால் அவர்கள் பேச்சிலேயே பதில் சொல்ல வேண்டாமா?

வன உரிமைப் பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரச் சொல்கிறது அதே 2006 சட்டம். போன் எண் பதிவிலும் அந்த நியாயம் வேண்டும். பெண்களை மலையிறங்க வைக்காமல், ஊர் ஊராக முகாம் போட்டு அவரவர் எண்ணைப் பதிந்து கொடுங்கள். சிம்மையும் அங்கேயே கொடுங்கள். இந்தப் பதிவைப் படிக்கும் அலுவலர்கள், தொண்டு நிறுவன நண்பர்கள் யாராவது இதைக் கையில் எடுங்கள், நானும் வருகிறேன். அந்த அக்காவின் மகளுக்கு ஜூனில் பள்ளி திறக்கிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை.