புலியும் புளியும் ஒன்றாகக் கேட்கும் காது

"பெண்களுக்கு மூளையின் இரண்டு பக்கமும் பேச்சைக் கவனிக்கும், ஆண்களுக்கு இடப்பக்கம் மட்டும்தான்." இந்த வாட்ஸப் செய்தி எனக்கு மறுபடியும் வந்திருக்கிறது. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1995-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு. 19 ஆண்கள், 19 பெண்கள். பொருளில்லாத சொற்களை எழுத்தில் காட்டி, ஓசை ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள். 11 பெண்களுக்கு மூளையின் முன்பகுதியில் இரு பக்கமும் இயங்கியது. அவ்வளவுதான். அவர்கள் காதால் எதையும் கேட்கவில்லை, படித்தார்கள்! 2004-இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்த ஆண் பெண் வித்தியாசம் தேறவில்லை.

வித்தியாசமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. கீச்சென்ற ஒலிகள் பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் நன்றாகக் கேட்கும். அதை வைத்து யாரையும் "சொன்னால் புரியாதவர்" ஆக்க முடியாது.

காதை உண்மையில் செதுக்குவது தாய்மொழி. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்து அறிகின்றன. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1984-இல் கண்டது இது. 1997-இல் வந்த இன்னோர் ஆய்வு என்னை ரொம்பவே பாதித்தது. எஸ்தோனிய மொழியில் ஓர் உயிரொலி உண்டு, அதற்கு நெருங்கிய உறவான ஃபின்னியத்தில் அது இல்லை. அந்த ஒலி வந்தபோது எஸ்தோனியர் மூளையில் எழுந்த மின்அலையைவிட ஃபின்லாந்துக்காரர்களுடையது சிறிதாக இருந்தது. கவனித்துக் கேட்காதபோதும் எழும் அலை அது. அக்கறை, முயற்சி என்பதெல்லாம் தொடங்கும் முன்பே தாய்மொழி குறுக்கே வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். புலி, புளி இரண்டும் அவருக்கு ஒன்றுதான். "கவனமா கேளுங்க" என்று குரலை உயர்த்திக்கொண்டே போனேன். அவர் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் கவனமாகத்தான் கேட்டார்.

அப்புறம்தான் படித்தேன்: ஆங்கில ஆர், எல் இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாத ஜப்பானியர்களுக்கு, பலருடைய குரலில் அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் முன்னேற்றம் வருகிறது. இப்போது நான் கத்துவதில்லை. தெரிந்தவர்களிடம் ஆளுக்கு ஒருமுறை "புலி, புளி" சொல்லச் சொல்லி, பதிவுசெய்து அவருக்கு அனுப்புகிறேன்.