டொலரை 203 ரூபாயில் பிடித்து வைத்ததால் யார் பிழைத்தார்கள்?

"இலங்கை ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டதால்தான் ஏழைகள் வயிற்றில் அடி விழுந்தது, டொலரை 203 ரூபாயிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும்" என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது.

2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் வரை, ஏறத்தாழ 203 ரூபாய் என்ற விலை வங்கிப் பலகையில் இருந்தது. அந்த விலைக்கு டொலர்தான் இல்லை. பால்மா இறக்குமதி செய்பவருக்கும் இல்லை, மருந்து இறக்குமதி செய்பவருக்கும் இல்லை. கட்டாரிலும் குவைத்திலும் வெயிலில் உழைத்தவர் வங்கி வழியாக அனுப்பினால் 203. வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரரிடம் கொடுத்தால் அதைவிட எவ்வளவோ கூடுதல். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2020இல் சுமார் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2021இல் சுமார் 550 கோடியாகச் சுருங்கியது. அவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று திட்டியது பெரும் அநியாயம். டொலர் 203ஐத் தாண்டாது என்ற மத்திய வங்கியின் சொல்லை அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

ஏன் நம்ப வேண்டும்? 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க மத்திய வங்கி அரசின் கடன் பத்திரங்களை வாங்கிப் புதுப் பணத்தை உருவாக்கியது. ரூபாயைப் பெருக்கிக்கொண்டே அதன் மதிப்பு குறையாது என்று சொன்னால், கையிருப்பு டொலரைக் கரைத்துத்தான் அதை நிரூபிக்க முடியும். 2019 இறுதியில் சுமார் 760 கோடி டொலர் இருந்த கையிருப்பு கரைந்தே போனது. அந்த நிலையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன் பத்திரத்தைத் தீர்த்தார்கள்.

2022 மார்ச் 7ஆம் தேதி டொலர் 230 ரூபாய் வரை போகலாம் என்றார்கள். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இடையில் ஏப்ரலில் நந்தலால் வீரசிங்க மத்திய வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாளே வட்டி வீதம் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. சில நாட்களில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்ற அறிவிப்பும் வந்தது. கசப்பான உண்மையை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் அந்த நிறுவனத்தின் சொல்லுக்கு மதிப்புத் திரும்பத் தொடங்கியது. 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தை நெருங்கிய பணவீக்கம் 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

இதற்கான விலையை நான் மறைக்கவில்லை. அந்த வட்டியில் எத்தனையோ சிறு தொழில்கள் மூடப்பட்டன. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளை விட்டுவிட்டு உழைப்பவர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் மீது சுமையை ஏற்றியதை நான் மன்னிக்கவே மாட்டேன். அந்தக் கோபத்துக்குப் பதில் வரிக் கொள்கையிலும் நிவாரணத்திலும் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டியது அது. போலி நாணயமாற்று வீதத்தில் அது கிடைக்காது.

2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், அந்த வங்கி அரசிடமிருந்து நேரடியாகக் கடன் பத்திரம் வாங்குவதைத் தடுக்கிறது. அரசின் நிதியை நிர்வகிக்கும் திறைசேரிச் செயலாளருக்கு வங்கியின் ஆளுகைச் சபையில் இடமும் இல்லை. அந்தத் தடையைத் தளர்த்தும் திருத்தத்தை, நான் வாக்களித்த கட்சியே கொண்டு வந்தாலும் எதிர்ப்பேன்.